அரை இஞ்ச்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது டேப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

கண்ணாடி போன்ற மெல்லிய டேப். அதன் அடியில், இடது விலாவில், ஊதா மையில் ஒரு கூட்டல் குறி இருந்தது. நடு நெஞ்சில் ஒன்று, வலது விலாவில் ஒன்று, இடதில் ஒன்று. கதிர்வீச்சு மெஷினின் கீழே படுக்கவைக்கும்போது இந்த மூன்றின்மேலும் சிவப்பு ஒளிக்கோடு விழ வேண்டும். விழுந்தால்தான் கதிர் மார்பில் போக வேண்டிய இடத்துக்குப் போகும். பின்னால் இருக்கும் இதயத்தைத் தொடாமல் ஒதுங்கும். முதல் நாளே சொல்லியிருந்தார்கள். சோப்பு கூடாது. பவுடர் கூடாது. தேய்க்கக் கூடாது. குறி அழிந்தால் உடனே சொல்ல வேண்டும்.

டேப்பைத் திருப்பிப் பார்த்தாள். குறி டேப்பில் இருந்தது. கூடவே டேப்பின் அகலத்துக்கு மெல்லிய தோலும். குறி எந்த இடத்தில் இருந்தது என்று விலாவில் தெரியவில்லை.

மொத்தம் இருபது தடவை கதிர் கொடுக்க வேண்டும். பதினேழு முடிந்திருந்தது. புதன், வியாழன், வெள்ளி பாக்கி.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவுதானா என்று கணவனிடம் போனில் சொன்னாள். லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் நான்கு நாள் ரோட்டில் இருப்பான். மூன்றாவது வாரம் தோல் சிவந்தது. பிறகு கறுத்தது. இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்ட துணி போல ஒரு நிறம். மார்பின் அடி மடிப்பில் தோல் உரிந்து ஈரம் கசிந்தது. அரித்தது. சொறியக் கூடாது. உள்ளாடை போட முடியவில்லை. கணவனின் பழைய பருத்திச் சட்டைகளைப் போட்டுக்கொண்டாள். தையல் விளிம்பு படாமலிருக்க அவற்றை உள்வெளியாகத் திருப்பிப் போட்டாள்.

களைப்பு வேறு. அது வேலை செய்த களைப்பு இல்லை. நடந்துகொண்டிருக்கும்போதே யாரோ சுவிட்சை அணைத்துவிட்ட மாதிரி வரும். உட்கார்ந்தால் உட்கார முடியாது. எரியும். எழுந்து ஜன்னலுக்குப் போவாள். ஜன்னலில் நிற்க முடியாது. சமையலறைக்குப் போவாள். அங்கே என்ன எடுக்க வந்தோம் என்று தெரியாது.

"அண்ணி, வீட்டுல நாலு நாற்காலிதான் இருக்கு. எல்லாத்துலயும் உக்காந்து பாத்தாச்சு. இனி என் தலைமேலதான் உக்காரணும்" என்றாள் நாத்தனார்.

கணவனின் தங்கை. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து கூட இருக்கிறாள். தபால் அலுவலகத்தில் கவுண்டரில் இருப்பவள், ஒரு மாதம் லீவு போட்டிருந்தாள். வரிசையில் நிற்பவர்களை அதட்டி அதட்டிக் குரல் அப்படியே ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி ஃபைலால் அண்ணிக்கு விசிறிக்கொண்டே அதட்டுவாள்.

அண்ணியோ ஒரு தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பதினாறு வருடம். ஐம்பது அடுக்குத் துணியை மேசையில் விரித்து, மேலே கோடு வரைந்து, மெஷின் கத்தியால் வெட்டுகிற வேலை. அவள் கோடு போட்டால் மறுபடி யாரும் அளந்து பார்ப்பதில்லை. அவள் இல்லாதபோது வேறு ஒருவரை மேசையில் நிறுத்தியிருந்தார்கள். மத்தியானங்களில் அவள் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கோடு மட்டும் போட்டுக் கொடுப்பாள். முடிந்தால் போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் சும்மா இருப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

முதலாளி அன்று மத்தியானம்தான் சொன்னார்.

"திங்கட்கிழமை ஸ்கூல் ஆர்டர் துணி இறங்குது மாஸ்டர். நீங்க டேபிள்ல நின்னா உங்க டேபிள். முடியலைன்னா அவரே நிக்கட்டும். நானும் எத்தனை நாள்தான் ரெண்டு பேர வெச்சுக்கறது?"

"வெள்ளிக்கிழமையோட முடியுது. திங்கட்கிழமை நிக்கறேன்" என்றாள்.

இப்போது டேப் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளுக்கு முந்தைய முறையில் வருகிற டீச்சர் ஒருத்தி இருந்தாள். இரண்டாவது வாரம் டீச்சரின் குறி வியர்வையில் அழிந்துபோனது. சொன்னாள். மறுபடி ஸ்கேன், மறுபடி பிளான். நாலு நாள் போனது. நாலு நாளும் டீச்சர் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

அவள் பாத்ரூம் கதவைச் சாத்தினாள். கண்ணாடி முன்னால் நின்றாள். கைப்பையில் துணிக்குக் கோடு போடும் மார்க்கர் இருந்தது. ஊதா. எத்தனை சலவைக்கும் போகாது.

மூன்று குறியும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அது அவளுக்குத் தெரியும். பதினேழு தடவை படுத்தபடியே அந்தச் சிவப்புக் கோட்டைக் கடைக்கண்ணால் பார்த்திருக்கிறாள். நடுக் குறியிலிருந்து ஸ்கேலை மட்டமாகப் பிடித்தாள். விலா வளைகிற இடத்தில் இஞ்ச் டேப்பைச் சுற்றினாள். இடது கையைத் தொங்கவிட்டிருந்தாள். தூக்கினால் அக்குளில் ஆபரேஷன் தழும்பு இழுக்கும்.

ஒன்றை மட்டும் கவனித்தாள். கண்ணாடியில் வலது குறி மட்டத்தில் இல்லை. அரை இஞ்ச் கீழே இருந்தது.

டெக்னீஷியன் பொண்ணு கோணலாக வரைந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். படித்து என்ன செய்ய, கை வர வேண்டுமே.

இடது குறியை மட்டமாக, நேராக வரைந்தாள். இரண்டு இழுப்பு.

"உள்ள என்ன பண்றீங்க இவ்ளோ நேரம்?" வெளியே நாத்தனார்.

"கிரீம் தடவறேன்."

"வீட்டுக்கே வெள்ளையடிச்சிருக்கலாம் இந்நேரம்."

புதன்கிழமை டெக்னீஷியன் பொண்ணு அவளைப் பார்த்தாள். "டேப் போயிடுச்சு போலக்கா. நல்லவேளை, குறி இருக்கு."

"ம்" என்றாள்.

பொண்ணு மேலே புது டேப் ஒட்டினாள். கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கம்பியைப் பிடிக்கச் சொன்னாள். விளக்கு அணைந்தது. சிவப்புக் கோடுகள் வந்தன.

"இன்னைக்கு ஏன்க்கா கோணலாப் படுத்திருக்கீங்க? இடுப்பக் கொஞ்சம் இந்தப் பக்கம். இல்ல, நீங்க நகராதீங்க. நான் நகர்த்தறேன்."

அடியில் போட்டிருந்த துணியை இழுத்து அவளை நகர்த்தினாள். சரியாகவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். சரியானது. கதவு மூடியது. மெஷின் உறுமியது.

வியாழக்கிழமையும் அப்படித்தான். "ரெண்டு நாளா நீங்க நேராவே படுக்க மாட்டேங்கறீங்க" என்றாள் பொண்ணு. திங்கட்கிழமைகளில் மட்டும்தான் படம் எடுத்துச் சரிபார்ப்பார்கள். மற்ற நாட்களில் குறிதான்.

வெளியே வந்து சட்டையை மாட்டும்போது அந்தச் சொல் கூடவே வந்தது. நேராவே படுக்க மாட்டேங்கறீங்க. பஸ்ஸில் இருந்தது. கம்பெனியிலும் இருந்தது.

மேசையில் அன்று பனியன் துணி. புதுசாக வந்தவர் அதை இழுத்து இழுத்து விரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். ஐம்பது வயது. அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அவளுடைய மேசையில் தான் நிற்பது அவருக்கே கூச்சமாக இருந்தது.

"இழுக்காதீங்க" என்றாள்.

"சுருக்கம் விழுதே மாஸ்டர்."

"இழுத்தா கோடு நேராத்தான் விழும். விட்ட உடனே துணி தன் எடத்துக்குப் போயிடும். அப்புறம் கழுத்து ஒரு பக்கம், கை ஒரு பக்கம். துணி எப்படி இருக்கப்போகுதோ அப்படி வெச்சுத்தான் கோடு போடணும். நாமதான்…"

நிறுத்திக்கொண்டாள்.

"நாமதான்?" என்றார் அவர்.

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டாள். பட்டனைக் கழற்றினாள். குறியின்மேல் விரலை வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்கினாள்.

குறி மேலே போனது.

நடு நெஞ்சுக் குறி அசைந்த மாதிரி தெரியவில்லை. விலாக் குறி மட்டும் தோலோடு ஏறியது. கையை இறக்கினாள். இறங்கியது. தூக்கினாள். ஏறியது. பிறகு வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். கோணலாக இருந்த வலது குறி ஏறி, நடுக் குறிக்கு நேராக வந்து நின்றது.

பொண்ணு கோணலாக வரையவில்லை. கை தூக்கியிருக்கும்போது வரைந்திருக்கிறாள்.

இஞ்ச் டேப்பை எடுத்தாள். அளந்தாள். மறுபடி அளந்தாள். அரை இஞ்ச். கழுத்தில் அரை இஞ்ச் தவறினால் ஐம்பது சட்டையும் வீண். இது கழுத்து இல்லை. உள்ளே இதயம் இருந்தது. இரண்டு நாள், இரண்டு தடவை, அதன்மேல் எது எவ்வளவு போனது என்று அவளுக்குத் தெரியாது. டேப்பில் அதற்கு அளவு இல்லை.

வெளியே வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். நூல் கண்டுகள் வைக்கும் அலமாரிவரை போனாள். திரும்பினாள்.

"வீட்டுக்குப் போங்க மாஸ்டர். முகமே சரியில்ல" என்றார் அவர்.

"நாளைக்கு ஒண்ணு. அவ்வளவுதான்" என்றாள், அவர் கேட்காததற்கு.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் நிற்கவே இல்லை. துவைத்த துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். எரிந்தது. ஈரத் துணியை மார்பின்மேல் வைத்தாள். அது சூடானது. மறுபக்கம் திருப்பினாள். அதுவும் சூடானது. இடது மார்புக்குள் ஏதோ குத்துகிற மாதிரி இருந்தது. இது எப்போதும் இருக்கிற குத்தலா, புதுசா? நாடியைப் பிடித்துப் பார்த்தாள். வேகமாக இருந்தது. மாடிப்படி ஏறி இறங்கினதால் இருக்கும். எதற்கு ஏறி இறங்கினாள் என்று யோசித்தாள்.

இன்னும் ஒன்று. வாயைத் திறக்காவிட்டால் நாளைக்கு முடிந்துவிடும். திங்கட்கிழமை மேசை. சொன்னால் டீச்சர் மாதிரி நாலு நாள். மேசை போய்விடும். அதோடு பதினாறு வருடம் கோடு போட்டவள் தன் உடம்பிலேயே தப்பாகக் கோடு போட்டாள் என்று நாலு பேருக்குத் தெரியும். சொன்னால் மட்டும் போன இரண்டைத் திரும்ப எடுக்க முடியுமா? முடியாது. ஒன்றுதான் பாக்கி. ஒன்று. ஆனால் மூன்றாவது அது.

"அண்ணன் போன் பண்ணுச்சு. நாளைக்குக் கடைசி நாளாச்சே, சந்தோஷமா இருக்காளான்னு கேட்டுச்சு" என்றாள் நாத்தனார்.

"என்ன சொன்னே?"

"சாவி கொடுத்த பொம்மை மாதிரி வீட்டைச் சுத்திட்டிருக்காங்க, வந்து நிறுத்துன்னேன்." அவளையே பார்த்தாள். "என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. எரியுது."

"எரியறது தினம் எரியுது. இது வேற."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

நாத்தனார் ஃபைலை எடுத்து விசிறத் தொடங்கினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தது அதட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பெஞ்சில் டீச்சர் இல்லை. முந்தின நாளே முடிந்துவிட்டது என்றார்கள். தன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தாள். நாத்தனார் பையை வாங்கிக்கொண்டாள். "போயிட்டு வாங்க. முடிச்சிட்டு நேரா ஜூஸ் கடை. நான் வாங்கித் தரேன். என் வாழ்க்கைல ஒரு தடவைதான் இப்படிச் சொல்லுவேன்."

படுத்தாள். கம்பியைப் பிடித்தாள். பொண்ணு துணியை இழுத்தாள். கோணல். மறுபடி இழுத்தாள்.

"கடைசி நாளாவது நேராப் படுக்கக் கூடாதா அக்கா?" என்று சிரித்தாள். "சரி, ஆச்சு. அசையாதீங்க."

செருப்புச் சத்தம் போனது. கனமான கதவு மெதுவாக மூடத் தொடங்கியது. அது மூட இருபது நொடி ஆகும். பதினெட்டு முறை எண்ணியிருக்கிறாள். நேற்று எண்ணவில்லை. கூரையில் ஒரு கேமரா. அசைந்தால் வெளியே தெரியும். கதவு மூடியது. தலைக்கு மேலே மெஷின் சுற்றி இடம் பார்த்து நின்றது. இனி உறுமும்.

அவள் இடது கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். கீழே கொண்டுவந்து மார்பின்மேல் வைத்துக்கொண்டாள்.

ஸ்பீக்கர் கத்தியது. "அக்கா! கையை எடுக்காதீங்க! அக்கா!"

அவள் கையை மார்பிலிருந்து எடுக்கவில்லை. கதவு மறுபடி திறக்க அதே இருபது நொடி ஆனது.

"என்னக்கா? மூச்சு முட்டுதா? வாந்தி வருதா?"

"இந்தக் குறி நீ வரைஞ்சது இல்லம்மா."

"எது?"

"இடது பக்கம். செவ்வாய்க்கிழமை டேப்போட வந்துடுச்சு. நான்தான் வரைஞ்சேன். கையைத் தொங்கவிட்டு வரைஞ்சிட்டேன். கையைத் தூக்கினா அரை இஞ்ச் ஏறுது. நேத்து மத்தியானந்தான் தெரிஞ்சது."

பொண்ணு குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"நேத்து… அப்ப நேத்தும், முந்தாநாளும்?"

"ஆமா."

"ஏன்க்கா சொல்லல?"

அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

பொண்ணு சட்டையை எடுத்து அவள்மேல் போர்த்தினாள். "நாங்க வரையறதைவிட நேரா இருந்துச்சு. அப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும்" என்றாள். அழப்போகிறாளா, திட்டப்போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள்.

வந்தவர் ஒல்லியாக, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எங்கேயோ அவசரமாகப் போகிறவர் போல இருந்தார். கதிர் எவ்வளவு, எந்தக் கோணத்தில் என்று கணக்குப் போடுகிறவர். டாக்டர் இல்லை. அவளிடம் நேராகக் கேட்டார்.

"எப்படி அளந்தீங்க?"

சொன்னாள். ஸ்கேல், மட்டம், இஞ்ச் டேப், விலா வளைவு. அவர் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டார். பிறகு கையைத் தூக்கச் சொல்லி, இறக்கச் சொல்லி, தானே அளந்தார்.

"ஒண்ணு புள்ளி மூணு சென்டிமீட்டர். நீங்க சொன்ன அரை இஞ்ச் சரிதான்" என்றார். "உக்காருங்க. ரெண்டு மணி நேரம் ஆகும்."

பெஞ்சில் நாத்தனாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். நாத்தனார் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "என்கிட்ட சொல்லலையே" என்றாள்.

"நீ கத்துவே."

"கத்துவேன்தான். உங்க உடம்பு என்ன உங்க கம்பெனித் துணியான்னு கத்தியிருப்பேன். நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். செவ்வாய்க்கிழமையே ஆட்டோ பிடிச்சு இங்க இழுத்துட்டு வந்திருப்பேன்." மூக்கைச் சிந்தினாள். "அதுக்குத்தான லீவு போட்டிருக்கேன்."

இரண்டு மணி நேரத்தில் அவள் தண்ணீர்க் குழாய்வரை பதினோரு தடவை போய்வந்தாள். நாத்தனார் எண்ணிச் சொன்னாள். சட்டை ஒட்டிக்கொண்டது. பிரித்துவிட்டாள். மறுபடி ஒட்டியது.

கணக்குப் போடுகிறவர் உள்ளே கூப்பிட்டார். திரையில் அவளுடைய மார்பின் குறுக்கு வெட்டு. சுற்றிலும் நிற நிறமாகக் கோடுகள். இதயம் எது என்று அவர் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.

"ரெண்டு நாள் உங்க உடம்பைக் கொஞ்சம் திருப்பி வெச்சுக் கொடுத்திருக்கோம். இதயத்துக்குப் போக வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடப் போயிருக்கு. வரம்புக்குள்ளதான். அது கவலை இல்ல. இங்க, அக்குள் பக்கம் இந்த ஓரத்துல, குறைஞ்சிருக்கு. ரெண்டு நாளும் அந்த இடத்துக்குச் சரியாப் போகல. அதை ஈடுகட்டணும். எப்படின்னு டாக்டர் முடிவு பண்ணுவார். ஒண்ணோ ரெண்டோ கூடலாம்."

"எப்ப?"

"ஸ்கேன் இன்னைக்கே. பிளான் போட ரெண்டு நாள். புதன்கிழமைக்கு முன்னாடி முடியாது."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குறைந்த ஓரம் கட்டைவிரல் அகலம் இருந்தது. கட்டியை எடுத்த இடம் அதற்குப் பக்கத்தில்தான்.

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

அவர் யோசித்தார். "யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். "கொஞ்ச வருஷத்துக்கு."

வராந்தாவில் நின்று முதலாளிக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமை முடியாது, வியாழனோ வெள்ளியோ முடித்த பிறகுதான் என்றாள். ஏன் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தள்ளிப்போகிறது என்று சொல்ல வாயெடுத்தாள். "என் தப்பு. குறியை நானே வரைஞ்சு தப்பாப் போயிடுச்சு" என்றாள். பிறகு, "பாத்துக்கலாம் மாஸ்டர்" என்றார்.

"என்னவாம்?" என்றாள் நாத்தனார்.

"பாத்துக்கலாங்கறார்."

"பாத்துக்கலாம்னா?"

"தெரியல."

"அண்ணன் இப்படித்தான் சொல்லும். அது பாத்ததே இல்ல."

அவள் சிரிக்கப் பார்த்தாள். தோல் இழுத்தது.

ஸ்கேன் அறையில் குளிராக இருந்தது. பொண்ணு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துணி மார்க்கரைத் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். வெந்த தோலுக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் பட்டதும் அவள் பல்லைக் கடித்தாள்.

"இது போகாதும்மா. அதுக்காகத்தான் அந்த மார்க்கர்."

"அப்ப இதை அடிச்சிட்டு, புதுசா பக்கத்துல போடறேன். வேற கலர்ல. குழம்பக் கூடாது."

"போடு."

"கையை முழுசாத் தூக்கணும்கா. எங்க வரைக்கும் வருமோ அங்க வரைக்கும். தினமும் அதே அளவு தூக்கணும். முடியுமா?"

அவள் கம்பியைப் பிடித்தாள். தழும்பு இழுத்தது. அடி மடிப்பில் உரிந்த இடம் விரிந்து எரிந்தது. பொண்ணு பேனாவின் மூடியைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

"போதுமாக்கா?"

"இரு" என்றாள். இன்னும் கொஞ்சம் தூக்கினாள்.